ஒரு பாக்கிக்கு எத்தனை கெடு?

வேலையை விட்டு வெளியே வருகிறவரிடம் கடைசி நாளில் சொல்லப்படும் வாக்கியம் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. "கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். செட்டில்மென்ட் ரெடியானதும் கூப்பிடுகிறோம்." அடையாள அட்டையை வாங்கிக்கொள்கிறார்கள். 'நோ டியூ' தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து காத்திருக்கிறார். முதல் மாதம் போன் செய்கிறார், மூன்றாம் மாதம் நேரில் போகிறார். அதன் பிறகு அந்த வாசலில் போய் நிற்கவே கூச்சமாகிவிடுகிறது. அவர் காத்திருக்கத் தொடங்கிய நாளில்தான் சட்டத்தின் கெடுவும் ஓடத் தொடங்கியது என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

சம்பளப் பாக்கி, பணிக்கொடை, போனஸ், பி.எஃப்., ஓய்வூதியம் என்று வரவேண்டிய பணத்தை முன்னாள் ஊழியர் எத்தனை காலத்துக்குள் கேட்க வேண்டும்? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எந்தப் பணம், எந்த அலுவலகத்தில் மனு, கேட்பவர் சட்டத்தின் கண்ணில் 'தொழிலாளியா' இல்லையா என்பதைப் பொறுத்து ஓர் ஆண்டு, மூன்று ஆண்டு, கெடுவே இல்லை என்று விடை மாறிக்கொண்டே போகும். ஆகவே தேதியை எண்ணுவதற்கு முன் வாசலைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வாசல் மாறிப்போனால் உயிரோடிருக்கும் பாக்கிகூடச் செத்துப்போனதாகத் தள்ளப்பட்டுவிடும்.

சம்பளத்திலிருந்து தொடங்கலாம். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் முதலில் கொடுத்த அவகாசம் ஆறே மாதம்தான். 1964-இல் அது பன்னிரண்டு மாதமானது. 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கடைசிவரை ஆறு மாதத்திலேயே நின்றது. கூலிக்கு மாரடிக்கிற, எழுதப் படிக்கத் தெரியாத, ஊர் விட்டு ஊர் போகிற தொழிலாளிகளுக்காக இயற்றப்பட்ட சட்டம் அது. அவர்களுக்குத்தான் மிகக் குறைந்த அவகாசம். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறவருக்கோ 1963-இன் காலவரம்புச் சட்டப்படி, சம்பளம் கொடுபட வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று ஆண்டு தாராளமாகத் தோன்றும். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சம்பள அதிகாரியிடம் போகிறவர் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால், அதிகாரி அதை மன்னித்து மனுவை ஏற்கலாம். உரிமையியல் வழக்கில் அந்த இரக்கத்துக்கு இடமே இல்லை. காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தரும் மன்னிப்பு மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும் மட்டும்தான், வழக்குகளுக்குக் கிடையாது. அதோடு 3-ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் கெடு தாண்டிய வழக்கை நீதிமன்றம் தானாகவே தள்ளியாக வேண்டும். மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஆனால் கதை முடிந்தது. எனவே மன்னிக்கத்தக்க பன்னிரண்டு மாதமும் மன்னிப்பில்லாத மூன்று ஆண்டும் ஒப்பிட்டால் ஒன்று மற்றொன்றை மிஞ்சியது என்று சொல்லிவிட முடியாது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019, இந்த இடத்தில் நல்ல காரியம் செய்திருக்கிறது. மனு போட மூன்று ஆண்டு. அதற்குப் பிறகும் தக்க காரணம் இருந்தால் ஏற்கலாம். நீளமும் உண்டு, இரக்கமும் உண்டு. முன்பு மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவருக்குச் சம்பளச் சட்டத்தின் வாசல் அடைபட்டிருந்தது. இப்போது மேலாளரும் அதே வாசலுக்கு வரலாம். வேலையை விட்டாலும், நீக்கப்பட்டாலும், ஆலை மூடப்பட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும் என்றும் 17-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் முதலாளி வேலையிலிருந்து நிறுத்தியவருக்கு மட்டுமே இருந்த உரிமை, தானாக விலகியவருக்கும் இப்போது கிடைத்திருக்கிறது. "கூப்பிடுகிறோம்" என்ற வாக்கியத்தின் ஆயுள் சட்டப்படி இரண்டே நாள்.

சம்பளத்தைவிடப் பெரிய தொகையும் பெரிய குழப்பமும் பணிக்கொடையில்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் 22 ஆண்டு வேலை பார்த்த ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். கடைசிச் சம்பளம், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து, 15,600 ரூபாய். அதை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 600. ஆண்டுக்குப் பதினைந்து நாள் கணக்கில் 9,000. அதை 22-ஆல் பெருக்கினால் 1,98,000 ரூபாய். ஒரு மகளின் திருமணமோ, ஒழுகும் வீட்டுக்கு ஒரு தளமோ அந்தத் தொகையில் இருக்கிறது.

2025 நவம்பர் வரை தனிச் சட்டமாக இருந்த 1972-இன் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வந்த மத்திய விதிகள், வேலையை விட்ட 30 நாளுக்குள் முதலாளியிடம் விண்ணப்பிக்கச் சொல்கின்றன. முதலாளி மறுத்தாலோ, வாய் மூடியிருந்தாலோ 90 நாளுக்குள் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போக வேண்டும். பலரும் இந்த இரண்டு எண்களைக் கேள்விப்பட்டு, நாள் போய்விட்டதே என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள். நிர்வாகத் தரப்பிலும் சிலர் "லேட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது தவறு. 30 நாள் தாண்டியது என்ற ஒரே காரணத்தால் எந்தப் பணிக்கொடைக் கோரிக்கையும் செல்லாததாகிவிடாது என்று அதே விதிகளில் எழுதியிருக்கிறது. 90 நாள் தாண்டினாலும் தக்க காரணம் காட்டினால் அதிகாரி மனுவை ஏற்கலாம்.

இதைவிட முக்கியம் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. ஊழியர் விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் பணிக்கொடையைக் கணக்கிட்டு, எழுத்தில் தெரிவித்து, 30 நாளுக்குள் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. கொடுக்கத் தவறினால் தனி வட்டி. அரசு அறிவித்த வீதம் 10 சதவீதம். நம் நூற்பாலைக்காரருக்கு ஓர் ஆண்டுக்கு 19,800 ரூபாய். நான்கு ஆண்டு இழுத்தடித்தால் 79,200. ஊழியரின் தவறால்தான் தாமதம் என்று காட்டி, அதற்கு அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதியும் பெற்றிருந்தால் மட்டுமே முதலாளி இந்த வட்டியிலிருந்து தப்ப முடியும். தொகையைக் கட்டாமல் மேல்முறையீடும் செய்ய முடியாது. அதிகாரி கொடுக்கும் சான்றை வைத்து மாவட்ட ஆட்சியர் அதை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். இந்தியத் தொழிலாளர் சட்டங்களில், கெடு பற்றி இவ்வளவு மனிதத்தன்மையோடு யோசித்த சட்டம் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில்தான் அது பொறுப்பை வைத்தது.

போனஸ் பாக்கிக்கு அரசிடம் மனு போட, 2025 நவம்பர் வரை இருந்த பழைய சட்டத்தில் ஓர் ஆண்டு. அங்கும் தாமதத்துக்கு மன்னிப்பு இருந்தது. அதை இதோடு விட்டுவிடலாம்.

கெடுவே இல்லாத ஒரு வாசலும் இருந்து வந்திருக்கிறது. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1947-இன் தொழில் தகராறுச் சட்டத்தின் 33-சி(2) பிரிவு அது. ஒரு தொழிலாளிக்கு வர வேண்டிய பணத்தையோ, பணமாகக் கணக்கிடக்கூடிய சலுகையையோ லேபர் கோர்ட் கணக்கிட்டுத் தரலாம். இதற்கு மூன்று ஆண்டுக் கெடு பொருந்துமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கர்நாடகத்தின் அதானி நகராட்சி தொடர்பான வழக்கில் 1969-இல் விடை கிடைத்தது. காலவரம்புச் சட்டம் நீதிமன்றங்களுக்கு உரியது. அந்தப் பொருளில் லேபர் கோர்ட் நீதிமன்றம் அல்ல. ஆகவே அந்தக் கெடு இங்கே பொருந்தாது. அதற்குச் சில ஆண்டு முன்பு பம்பாய் காஸ் நிறுவனத்தின் வழக்கிலும் இதே திசையில்தான் தீர்ப்பு வந்தது: சட்டமன்றம் எழுதாத கெடுவை நீதிமன்றம் தன் கையால் எழுதிச் சேர்க்கக் கூடாது.

ஆனால் இந்த வாசல் அகலமானது அல்ல. ஏற்கனவே நிலைநாட்டப்பட்ட உரிமையைக் கணக்கிட மட்டுமே இங்கே இடம் உண்டு. "உனக்கு அந்த உரிமையே இல்லை" என்று முதலாளி அடிப்படையையே மறுத்தால், அந்தத் தகராறை இங்கே தீர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் டெல்லி மாநகராட்சி வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. ஒப்பந்த ஆவணத்தில் எழுதியிருக்கும் படியைக் கேட்கலாம். "நிரந்தர ஊழியருக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு" என்று முதல்முறையாக இங்கே வந்து கேட்க முடியாது. அதற்குத் தொழில் தகராறு எழுப்ப வேண்டும். அங்கே கெடு இப்போது சுருங்கியிருக்கிறது. 2020-இன் தொழில் உறவுகள் தொகுப்பின்படி, தகராறு எழுந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டால் சமரச அதிகாரி அதை எடுத்துக்கொள்ளவே முடியாது. ஊதியத் தொகுப்பில் மூன்றாக நீண்ட காலம் இங்கே இரண்டாகக் குறுகியதற்கு எனக்கு நியாயம் எதுவும் தெரியவில்லை. ஒரே வேலைநீக்கத்தின் இரண்டு பக்கங்கள்தானே பாக்கிச் சம்பளமும் பறிபோன வேலையும்?

அரசு ஊழியரின் பாதை வேறு. ஓய்வூதியம் அரசின் கருணையில் தரப்படுவது அல்ல, அது உரிமை என்று 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வூதியர்கள் இன்றும் அந்த நாளைத் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் உரிமை வேறு, அதைக் கேட்கும் காலம் வேறு. 1983-இல் உடல்நலக் குறைவால் படையிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு சிப்பாய், ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு 1999-இல்தான் உயர் நீதிமன்றம் போனார். பதினாறு ஆண்டு இடைவெளி. 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிதான் இன்றுவரை எல்லா ஓய்வூதிய வழக்குகளிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஓய்வூதியம் மறுக்கப்படுவது மாதந்தோறும் புதிதாக நிகழும் தவறு. ஆகவே எத்தனை ஆண்டு தாமதமானாலும் உரிமை சாகாது. ஆனால் பழைய பாக்கி, வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு மட்டுமே. பதவி உயர்வு, முதுநிலை போன்று பிறர் உரிமையில் கைவைக்கும் கோரிக்கை என்றால் தாமதமே அதை வீழ்த்திவிடும்.

இந்த நெறி பாதி நியாயமாகவே எனக்குத் தெரிகிறது. உரிமையை உயிரோடு வைத்திருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் அந்தச் சிப்பாயின் கோப்பு யாரிடம் இருந்தது? தகுதியைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர் யார்? அரசின் அலுவலகம் தவறிய பதின்மூன்று ஆண்டுப் பணம் அரசிடமே தங்கிவிடுகிறது. பணிக்கொடைச் சட்டத்தில் பார்த்த தர்க்கம், அதாவது கணக்கிடும் கடமை உள்ளவருக்கு எதிராகவே காலம் ஓட வேண்டும் என்பது, இங்கே தலைகீழாகிவிடுகிறது.

அரசு ஊழியர்கள் மிகுதியாகச் சறுக்கும் இடம் இன்னொன்று: மனு மேல் மனு. ஒரு கோரிக்கையை மேலதிகாரிக்கு அனுப்புவது, பதில் வராவிட்டால் நினைவூட்டல், பிறகு அமைச்சருக்கு, பிறகு முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு. இப்படி எழுதிக்கொண்டே இருந்தால் கெடு நின்றுகொண்டிருக்கும் என்று நம்புகிறார்கள். நிற்காது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் கெடு, இறுதி உத்தரவிலிருந்து ஓர் ஆண்டு. மேல்முறையீட்டுக்கோ மனுவுக்கோ பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து அதன் பிறகு ஓர் ஆண்டு. தமிழ்நாட்டின் புவியியல், சுரங்கத் துறையில் வேலை நீக்கப்பட்ட ஒருவர் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து மனுக் கொடுத்த வழக்கில், 2008-இல் நீதிபதி ரவீந்திரன் அடங்கிய அமர்வு இதைத் தெளிவாக்கியது. "மனுவைப் பரிசீலியுங்கள்" என்று நீதிமன்றம் சொல்லி, துறை பரிசீலித்து மறுத்தாலும், அந்த மறுப்பு செத்த கோரிக்கைக்குப் புது உயிர் கொடுக்காது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று வளர்க்கப்பட்ட நம் மக்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

இத்தனை கெடுக்களையும் தாண்டிவிட்ட பாக்கி என்ன ஆகிறது? கடனே அழிந்துவிடுகிறதா? இல்லை. 1957-இல் பாம்பே டையிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது: காலவரம்பு, நீதிமன்றத்தில் கேட்கும் வழியைத்தான் அடைக்கிறது, கடன் கடனாகவே இருக்கிறது. தொழிலாளி கேட்டு வாங்காத கூலியை நல நிதிக்கு மாற்றச் சொன்ன பம்பாய்ச் சட்டத்தைப் பற்றிய வழக்கு அது. 1972-இன் தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிச் சட்டமும் அதே வழியில், கொடுபடாமல் தேங்கும் தொகையை நல வாரியத்துக்கு அனுப்பச் சொல்கிறது. கெடு தாண்டிய கூலி முதலாளியின் லாபமாகிவிடக் கூடாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. பி.எஃப். கணக்கிலும் இப்படித்தான். 55 வயதுக்குப் பிறகு ஓய்வுபெற்றவர் மூன்று ஆண்டு எடுக்காவிட்டால் கணக்கு செயலற்றதாகி வட்டி நின்றுவிடும். அதற்கு மேலும் ஏழு ஆண்டு யாரும் கேட்காவிட்டால் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும். அங்கிருந்தும் 25 ஆண்டு வரை உரியவர் கேட்டு வாங்கலாம்.

கடன் சாவதே இல்லை என்ற இந்த ஆறுதலுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நிறுவனம் திவாலாகும்போது கடனே மடிந்துபோகும். 2016-இன் நொடிப்பு, திவால் சட்டத் தொகுப்பின் கீழ் ஒரு நிறுவனம் போய்விட்டால், உரிமை கோரும் மனுவைப் பொது அறிவிப்பில் சொன்ன நாளுக்குள் கொடுக்க வேண்டும். வழக்கமாக அது 14 நாள். தவறியவருக்குத் தொடக்க நாளிலிருந்து 90 நாள் வரை இடம் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. அறிவிப்பு வருவது செய்தித்தாளிலும் இணையத்திலும். வேலை போய் ஊருக்குத் திரும்பிய முன்னாள் ஊழியர் அதைப் பார்த்திருப்பாரா? மீட்புத் திட்டம் ஏற்கப்பட்ட பிறகு, அதில் இடம்பெறாத கோரிக்கைகள் அடியோடு அழிந்துவிடும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுக் கெடு தாண்டியும் சாகாத கடன் இங்கே மூன்றே மாதத்தைத் தவறவிட்டால் செத்துப்போகலாம்.

ஜெட் ஏர்வேஸ் ஊழியர்கள் விழித்திருந்ததால்தான் தங்கள் பி.எஃப்., பணிக்கொடைக்காகப் போராட முடிந்தது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவற்றை முழுமையாகக் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. பிறகு மீட்புத் திட்டமே தோற்று, 2024 நவம்பரில் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவானது. தீர்ப்பு வாங்கிய பிறகும் பணம் தொலைவிலேயே இருந்தது.

நம்மவர்கள் பலர் கடல் கடந்து உழைக்கிறார்கள். அங்கே கெடு இன்னும் இறுக்கமானது. சிங்கப்பூரில் வேலையை விட்டவர் சம்பளக் கோரிக்கையை ஆறு மாதத்துக்குள் எழுப்ப வேண்டும். சவுதியில் வேலை உறவு முடிந்து பன்னிரண்டு மாதம். ஐக்கிய அரபு எமிரேட்டில் ஓர் ஆண்டாக இருந்தது, 2024-இல் இரண்டாக நீண்டது. விமானம் ஏறி வந்து, ஊரில் கடனை ஒழுங்குபடுத்தி, விவரம் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குள் இவற்றில் பாதி போய்விடும். ஊருக்குப் புறப்படும் முன்பே, அந்த மண்ணில் இருக்கும்போதே மனுவைப் பதிந்துவிடுவது ஒன்றுதான் வழி.

முதலாளிகள் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை ஒதுக்கிவிடக் கூடாது. சம்பளப் பதிவேடுகளை மூன்று ஆண்டு பாதுகாத்தால் போதும் என்பது பழைய சட்டத்தின் கட்டளை. பத்து ஆண்டுக்கு முந்தைய ஓவர்டைம் கணக்கை இன்று கேட்டால், கையெழுத்துப் போட்ட மேற்பார்வையாளர் இருக்க மாட்டார், பேரேடும் இருக்காது. பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறைக்குப் பழைய பாக்கி பெரிய இடி. இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த நியாயம், சாட்சியும் பேரேடும் தேவைப்படும் ஓவர்டைம் போன்ற தகராறுகளுக்கே பொருந்தும். 22 ஆண்டு வேலை பார்த்தார், கடைசிச் சம்பளம் இவ்வளவு என்பதில் சண்டையே இல்லாதபோது, எந்த ஆதாரம் அழிந்துபோனதென்று பணிக்கொடையை மறுப்பது?

ஆகவே ஊதியத் தொகுப்போடு நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 125-ஆம் பிரிவு எனக்குக் கவலை தருகிறது. முன்பு பி.எஃப். கட்டாத முதலாளி மீது விசாரணை தொடங்கக் காலக்கெடு இல்லை. இப்போது ஐந்து ஆண்டு தாண்டினால் விசாரணையே கிடையாது. சம்பளத்தில் பிடித்துவிட்டு நிதியில் கட்டாத முதலாளியைப் பற்றி ஊழியருக்குப் பெரும்பாலும் தெரியவருவது, வேலையை விட்டுப் பணம் எடுக்கப் போகும்போதுதான். பிடித்தம் நடந்தது பத்து ஆண்டு முன்பு, தெரிந்தது இன்று என்றால், அந்த ஐந்து ஆண்டை எங்கிருந்து எண்ணுவது? தவறு ஊழியருக்குத் தெரியவந்த நாளிலிருந்து என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். மோசடியால் மறைக்கப்பட்டதற்குக் காலவரம்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முதலாளி எழுத்தில் கணக்கைக் கொடுக்கும் நாள் வரை கெடு ஓடாது என்பதை எல்லாப் பாக்கிக்கும் பொதுவிதியாக்குவது சட்டமன்றத்துக்கு முடியாத காரியம் அல்ல.

அதுவரை ஊழியரின் கையில் இருக்கும் கருவி காலவரம்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. கெடு முடிவதற்குள், கொடுக்க வேண்டியவரோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று அதில் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. "கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், செட்டில்மென்ட் ரெடியானதும் கூப்பிடுகிறோம்" என்று போனில் சொன்னால் அதற்குத் தடயம் இல்லை. அதையே "உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கியைக் கணக்கிட்டு வருகிறோம்" என்று நிறுவனத்தின் தாளில், தேதியும் கையெழுத்துமாக எழுதிக்கொடுத்தால், மூன்று ஆண்டுக் கெடு அன்றிலிருந்து மறுபடி முதல் நாள்.